திரைப்பாடமும் பதிப்பறமும்: ‘ஸ்டார் வார்ஸ்’ இரசிகர் மீட்டெடுப்பை முன்வைத்து

முன்னுரை

தமிழில் பதிப்பியல் என்னும் சொல் ஏட்டுச்சுவடியோடும் அச்சு நூலோடும் பிணைந்தே வழங்கிவருகிறது. ஒரு நூலுக்குப் பல சுவடிகள் கிடைக்கும்போது அவற்றை ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, இடைச்செருகல்களைப் பிரித்துக் காட்டி, மூலத்துக்கு அணித்தான பாடத்தை நிறுவும் பணியையே நாம் அச்சொல்லால் குறிக்கிறோம். திரைப்படத்துக்கும் இத்தகைய பணி தேவைப்படும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக எழவில்லை. திரைப்படம் ஒருமுறை எடுக்கப்பட்டுப் படச்சுருளில் நிலைபெற்றுவிடுகிறது, ஏடு பெயர்த்தெழுதுவோரால் நேரும் பிழைகளும் சேர்க்கைகளும் அதில் நேர வழியில்லை என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம் எனலாம்.

இந்நம்பிக்கை பொருந்தாது என்பதற்கு ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் தக்க சான்றாக அமைகிறது. 1977இல் வெளிவந்த இப்படத்தின் முதற்பாடம் பின்னாளில் இயக்குநராலேயே மாற்றப்பட்டு, அதிகாரபூர்வமான புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. அப்பாடத்தை லேசர் தட்டு, டிவிடி, பழைய திரையரங்கப் படச்சுருள் ஆகியவற்றிலிருந்து இரசிகர்கள் சிலர் தாமே மீட்டெடுத்தனர். அவர்களுக்கு நிறுவன ஆதரவும் இல்லை, ஊதியமும் இல்லை, சட்டத்தின் ஒப்புதலும் இல்லை.

இக்கட்டுரை அம்முயற்சியைத் தமிழ்ப் பதிப்பியல் மரபு வகுத்துத் தந்துள்ள அளவைகளைக் கொண்டு மதிப்பிட முயல்கிறது. எந்தச் சான்றிலிருந்து எதை எடுத்தோம் என்று மீட்டோர் வெளிப்படச் சொல்லும் அளவே அம்முயற்சியின் ஆய்வு மதிப்பை உறுதிசெய்கிறது என்பதும், அவ்வெளிப்படைத்தன்மை தவறுமிடத்தில் மீட்டெடுப்பே இன்னோர் இடைச்செருகலாகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகளாகும்.

பாட வரலாறு

பதிப்பாசிரியர் முதற்கண் செய்யவேண்டியது நூலின் பாட வரலாற்றை வரையறுத்தலாகும். ‘ஸ்டார் வார்ஸ்’ 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அந்த ஆண்டிலேயே அது ஒற்றைப் பாடமாக இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. 70 மி.மீ. படச்சுருளுக்கான ஆறுதட ஒலி, 35 மி.மீ. படச்சுருளுக்கான டால்பி ஸ்டீரியோ ஒலி, எளிய வசதிகொண்ட திரையரங்குகளுக்கான ஒற்றைத்தட ஒலி என மூன்று ஒலிக்கலவைகள் உருவாக்கப்பட்டன. ஒற்றைத்தடக் கலவையில் சில உரையாடல்கள் வேறு தொனியில் அமைந்தன. விண்கலத்தை இழுத்துப் பிடிக்கும் கதிரை எங்கே நிறுத்துவது என்பதைச் சி-3பிஓ என்னும் இயந்திர மனிதன் விளக்கும் பகுதி அக்கலவையில் உண்டு; அன்றைய ஸ்டீரியோக் கலவையில் இல்லை. 1981ஆம் ஆண்டு மறுவெளியீட்டின்போது, தொடக்கத்தில் மேல்நோக்கி நகர்ந்து செல்லும் முன்கதை வாசகத்தின் தலைப்பில் இது நான்காம் அத்தியாயம் என்ற குறிப்பும் ‘எ நியூ ஹோப்’ என்ற துணைத்தலைப்பும் சேர்க்கப்பட்டன. ஆகவே, மூலம் என்று சொல்லும்போதே எந்த மூலம் என்ற வினா உடன் எழுகிறது.

பெரிய மாற்றம் 1997இல் நிகழ்ந்தது. படத்தின் 20ஆம் ஆண்டையொட்டி வெளியிடப்பட்ட ‘சிறப்புப் பதிப்பில்’ கணினிவழி உருவாக்கிய விலங்குகளும் வாகனங்களும் நகரக் காட்சிகளில் நுழைந்தன. வெடிப்புக் காட்சிகளில் ஒளிவளையங்கள் சேர்ந்தன. முன்பு நீக்கப்பட்டிருந்த ஒரு காட்சி புதிதாக இடம்பெற்றது. 2004ஆம் ஆண்டு டிவிடியில் வண்ணச் சமனும் வேறு சில காட்சிகளும் மாறின. 2011ஆம் ஆண்டு ப்ளூ-ரே வட்டில் மேலும் சில திருத்தங்கள் வந்தன. 2019இல் டிஸ்னி நிறுவனத்தின் இணையவழித் திரைச்சேவையில் வந்த வடிவத்தில் ஒரு கதைமாந்தனின் வாயில் அதுவரை இல்லாத ஒரு சொல் புகுந்தது. இவ்வாறு நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரே தலைப்பின்கீழ்ப் பல பாடங்கள் தோன்றியுள்ளன. பொதுப் பார்வையாளர் இவற்றையெல்லாம் ஒரே படம் என்றே எண்ணிப் பார்த்துவருகின்றனர்.

இம்மாற்றங்கள் அணிநலன் சார்ந்தவை மட்டுமே என்று ஒதுக்கிவிட இயலாது. ஹான் சோலோ என்னும் கடத்தல்காரன் தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை மதுவிடுதியில் எதிர்கொள்ளும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். 1977ஆம் ஆண்டுப் பாடத்தில் சோலோ பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் ஆயுதத்தை எடுத்துச் சுட்டுவிடுகிறான். கிரீடோ சுடுவதே இல்லை. 1997ஆம் ஆண்டுப் பாடத்தில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுகிறான். சோலோ தற்காப்புக்காகச் சுடுகிறான். 2004இல் இருவரும் ஏறத்தாழ ஒரே வேளையில் சுடுகின்றனர். படத்தின் இறுதிப் போரில், பணத்தைப் பெற்றுக்கொண்டு விலகிச் சென்ற சோலோ நண்பனைக் காக்கத் திரும்பி வருகிறான். தன்னலமே பெரிதென்று வாழ்ந்தவன் பிறர்க்கென உயிரைப் பணயம் வைக்கும் நிலைக்கு வந்து சேர்வதே அப்பாத்திரத்தின் வளர்ச்சி. மதுவிடுதிக் காட்சி மென்மையாக்கப்படும்போது அவன் கடந்துவந்த தொலைவு குறைந்துவிடுகிறது. சில நொடிகள் நீளும் ஒரு பாடவேறுபாடு இரண்டு மணி நேரக் கதையின் பாத்திர வார்ப்பையே மாற்றிவிடுகிறது.

புதிதாகச் சேர்க்கப்பட்ட ஜப்பாவின் காட்சி மேலும் ஆராயத்தக்கது. சோலோ கடன்பட்டிருக்கும் ஜப்பாவை விண்கலத் துறையில் சந்திக்கும் இக்காட்சி முன்பே படமாக்கப்பட்டு, முதல் வெளியீட்டில் விடப்பட்டது. அதில் கதைக்குத் தேவையான செய்திகள் கிரீடோ காட்சியின் உரையாடலுக்குள் கொண்டுவரப்பட்டன. 1997இல் விடப்பட்ட காட்சியும் சேர்ந்தபோது, சோலோ ஒரே சமாதானத்தை ஏறத்தாழ ஒரே சொற்களில் இருவரிடமும் சொல்ல நேர்கிறது. நன்னூல் எடுத்துரைக்கும் குற்றங்களுள் ஒன்றான கூறியது கூறல் இங்கே தெளிவாகத் தென்படுகிறது. கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் மிகைப் பாடல்களை இனங்காணும்போது முன்பின் தொடர்ச்சி குலைதலையும் கருத்து மீண்டும் வருதலையும் அகச்சான்றாகக் கொள்வதுண்டு. அதே அகச்சான்று இப்படத்திலும் செயல்படுகிறது. மேலும், முதற்பாடத்தில் ஜப்பா பெயரளவில் மட்டுமே அறியப்படுகிறான். 1983இல் வெளிவந்த மூன்றாம் படத்திலேயே அவனது உருவம் காட்டப்படுகிறது. காணாத ஒருவன்மீது வளர்ந்துவந்த அச்சம் இச்சேர்க்கையால் முதற்படத்திலேயே கலைந்துவிடுகிறது.

கம்பராமாயண இடைச்செருகல்களைப் பிறர் செய்தார்கள் என்றே மரபு கூறுகிறது. அவற்றை வெள்ளி பாடல்கள் என்று பெயரிட்டு மூலத்திலிருந்து விலக்கியும் வைத்தது. இங்கு இடைச்செருகலைச் செய்தவர் ஆசிரியரே. இதுவே இச்சிக்கலின் மையமாகும்.

கிடைத்த சான்றுகள்

1997ஆம் ஆண்டுப் பணியின்போது மூல எதிர்ச்சுருளே புதிய வடிவத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டப்பட்டது. மூல ஏட்டிலேயே அடித்துத் திருத்தியதற்கு இது ஒப்பாகும். திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்ட படச்சுருள்களோ பெரும்பாலும் ஈஸ்ட்மன் வண்ணச் சுருள்கள். அவற்றின் சாயம் காலப்போக்கில் வெளுத்துப் படம் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். பிரிட்டனில் டெக்னிகலர் முறையில் சாயம் ஏற்றிய படிகள் சில மட்டுமே வண்ணம் மங்காமல் எஞ்சின. அவையும் தனியார் சேகரிப்பாளர்களிடம் இருந்தன.

பொதுமக்கள் கைக்கு எட்டிய சான்றுகள் வீட்டில் பார்ப்பதற்கென விற்கப்பட்ட வடிவங்களே. அவற்றுள் சிறந்தது 1993இல் லேசர் தட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட காணொளிப் பிரதி. 2006இல் முதற்பாடம் டிவிடியில் கூடுதல் வட்டாக வெளியிடப்பட்டபோது, புதிதாகப் படச்சுருளிலிருந்து எடுக்காமல் இந்த 1993ஆம் ஆண்டுப் பிரதியையே பயன்படுத்தினர். அதன் குறைகள் இரண்டு. முதலாவது, அகன்ற படம் பழைய தொலைக்காட்சிச் சட்டத்துக்குள் மேலும் கீழும் கருப்புப் பட்டைகளோடு அடைக்கப்பட்டிருந்தது. டிவிடியின் 480 கிடைவரிகளில் ஏறத்தாழ 270 வரிகளே படத்துக்குக் கிடைத்தன. எஞ்சியவை கருப்புப் பட்டைகளுக்குச் சென்றன. இரண்டாவது, 1993இல் படச்சுருளின் மணித்துகள் தோற்றத்தைக் குறைக்கக் கையாண்ட மின்னணு முறை, நகரும் உருவங்களின் பின்னே நிழல்போன்ற தடங்களை விட்டுச் சென்றது. அதாவது, முதற்பாடம் அதிகாரபூர்வமாகக் கிடைத்தபோதும், செல்லரித்த ஏட்டின் மங்கிய படியாகவே கிடைத்தது.

இந்நிலையில்தான் இரசிகர் பணி தொடங்குகிறது. சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ.வே.சாமிநாதையர், சி.வை.தாமோதரம்பிள்ளை ஆகியோரின் உழைப்போடு இதனை முற்றும் ஒப்பிடுதல் மிகையாகும். ஆயினும், மூலம் ஒரிடத்திலும் முழுமையாக இல்லை, சிதைந்த படிகள் பல இடங்களில் உள்ளன என்ற தொடக்க நிலை இரண்டிற்கும் பொதுவானது.

கலவைப் பாடமும் ஒற்றைச் சுவடிப் பாடமும்

இரசிகர் மீட்டெடுப்புகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. அவை பதிப்பியலின் இருவேறு நெறிகளைத் தம்மையறியாமலேயே பின்பற்றியுள்ளன.

முதலாவது, செக் நாட்டைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் முன்னின்று 2011 முதல் பல திருத்த வடிவங்களாக வெளியிட்ட ‘டிஸ்பெஷலைஸ்டு எடிஷன்’. சிறப்புப் பதிப்பின் சிறப்பை நீக்கியது என்பது அப்பெயரின் பொருள். மாற்றம் பெறாத காட்சிகளுக்குத் தெளிவு மிகுந்த 2011ஆம் ஆண்டு ப்ளூ-ரே வட்டு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. மாற்றம் பெற்ற காட்சிகளுக்கு 2006ஆம் ஆண்டு டிவிடி, 35 மி.மீ. படச்சுருள், 16 மி.மீ. படச்சுருள், 70 மி.மீ. சுருளின் தனிச் சட்டகங்கள் ஆகியன பயன்பட்டன. ஒரே சட்டகத்திற்குள்ளும் ஒரு பகுதி ஒரு மூலத்திலிருந்தும் மறுபகுதி வேறு மூலத்திலிருந்தும் ஒட்டப்பட்டன. 121 நிமிடம் ஓடும் படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால் ஏறத்தாழ 1,74,000 சட்டகங்கள் உள்ளன. அவற்றைப் பல வடிவங்களோடு ஒப்புநோக்கிய உழைப்பு வியக்கத்தக்கது.

இரண்டாவது, 2018இல் வெளிவந்த ‘4கே77’. இதனை உருவாக்கியோர் 1977ஆம் ஆண்டு டெக்னிகலர் படச்சுருள் ஒன்றை உயர்தெளிவில் மின்வருடி எடுத்தனர். படத்தின் 97 விழுக்காடு அந்த ஒற்றைச் சுருளிலிருந்தே பெறப்பட்டதாக அவர்கள் அறிவித்துள்ளனர். படச்சுருளின் மணித்துகளை அப்படியே விட்ட வடிவமும் குறைத்த வடிவமும் தனித்தனியே வழங்கப்பட்டன.

முதலாவதைக் கலவைப் பதிப்பு என்றும், இரண்டாவதை ஒற்றைச் சுவடிப் பதிப்பு என்றும் வகைப்படுத்தலாம். கலவைப் பதிப்பு பல சுவடிகளிலிருந்து சிறந்த பாடங்களைத் தேர்ந்து, எந்தத் தனிச் சுவடியிலும் முழுமையாக இல்லாத ஒரு பாடத்தை நிறுவுகிறது. கற்போர்க்கு அது இனிது. ஆனால் வரலாற்றில் அப்படியொரு பிரதி எந்நாளும் இருந்ததில்லை. ‘டிஸ்பெஷலைஸ்டு எடிஷன்’ காட்டும் தெளிவு 1977ஆம் ஆண்டுத் திரையரங்கில் எவரும் கண்டதன்று; அது 2011ஆம் ஆண்டு வட்டின் தெளிவு. ஒற்றைச் சுவடிப் பதிப்போ ஒரு குறிப்பிட்ட பிரதியின் கீறல்களையும் தேய்வுகளையும் உடன்கொண்டு வருகிறது. அது அழகில் குறையலாம். ஆனால் தான் எதற்குச் சாட்சி என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது.

இவற்றுள் எது சிறந்தது என்பதற்குப் பயன்பாட்டை ஒட்டியே விடை கூற இயலும். கதைப்பின்னலையும் பாத்திர வார்ப்பையும் ஆராய்வோர்க்குக் கலவைப் பதிப்பு போதுமானது. வண்ணம், ஒளி, படத்துகள், சிறப்புக் காட்சியின் கைவினை ஆகியவற்றை ஆராய்வோர் ஒற்றைச் சுவடிப் பதிப்பையே நாடவேண்டும். அப்போதும், படச்சுருள் எதிர்ச்சுருளிலிருந்து இடைநிலைப் படிகளைக் கடந்து பெறப்பட்டது என்பதையும், ஒரு படியின் வண்ணம் எல்லாப் படிகளின் வண்ணமும் ஆகாது என்பதையும் மறத்தலாகாது.

ஆசிரியரின் இறுதி விருப்பம்

இம்மீட்டெடுப்புகளுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. 1997ஆம் ஆண்டு வடிவமே தாம் விரும்பிய முழுமையான படம் என்பது லூகாஸின் நிலைப்பாடு. 1977இல் பணமும் தொழில்நுட்பமும் இடம்தரவில்லை; பின்னர் இடம் தந்தபோது படத்தை நிறைவுசெய்தார். படைத்தவரின் இறுதி விருப்பத்தை மீற இரசிகருக்கு என்ன உரிமை என்பதே அவ்வாதம்.

ஆங்கிலப் பதிப்பியலில் டபிள்யூ.டபிள்யூ. கிரெக் வகுத்த அடிப்படைப் பாடக் கொள்கையும், அதனை விரித்த ஃப்ரெட்சன் பவர்ஸின் கருத்துகளும் ஆசிரியரின் இறுதி விருப்பத்துக்கு முதன்மை தந்தன. 1983இல் ஜெரோம் மெக்கான் இதனை மறுத்தார். ஒரு நூல் ஆசிரியர், பதிப்பகத்தார், அச்சிடுவோர், வாசகர் ஆகியோர் கூடி உருவாக்கும் சமூகப் பொருள் என்பது அவர் வாதம். திரைப்படத்துக்கு இவ்வாதம் நூலைவிடவும் பொருந்துகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தொகுப்புக்காகவும் சிறப்புக் காட்சிகளுக்காகவும் 1978இல் ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. பால் ஹிர்ஷ், மார்சியா லூகாஸ், ரிச்சர்ட் சூ ஆகிய மூவரும் படத்தொகுப்புக்கான விருதைப் பெற்றனர். ஜான் டைக்ஸ்ட்ரா உள்ளிட்டோர் சிறு உருவமைப்புகளைக் கொண்டு உருவாக்கிய காட்சிகள் விருது பெற்றன. அக்காட்சிகளில் பலவற்றின்மேல் கணினிக் காட்சிகள் ஏற்றப்பட்டுவிட்ட பிறகு, விருதுக்குரிய உழைப்பை அதிகாரபூர்வமான வடிவத்தில் முழுமையாகக் காண இயலாமற் போனது. இயக்குநரின் இறுதி விருப்பம் பலருடைய நிறைவேறிய உழைப்பை மறைக்கும் உரிமையையும் உள்ளடக்குமா என்பது எளிதில் கடந்துவிடக்கூடிய வினாவன்று.

லூகாஸே இதற்கு ஒரு விடையைத் தந்திருக்கிறார். 1988 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையின் குழு ஒன்றின் முன் அவர் சான்றளித்தார். கருப்பு வெள்ளைப் படங்களுக்கு உரிமையாளர்கள் வண்ணம் ஏற்றிவந்த காலம் அது. அவ்வாறு மாற்றுவது பண்பாட்டு மரபைச் சிதைப்பதாகும் என்பதும், கலைப்படைப்புகள் இறுதியில் மக்களுக்கு உரியவை என்பதும் அவர் வாதத்தின் சாரம். உரிமை கொண்டவர் வேறு, படைத்தவர் வேறு. தாம் எதிர்த்தது முன்னவரையே என்று அவர் சார்பில் கூறலாம். அக்கூற்றில் நியாயம் உண்டு. எனினும் அவர் சான்றில் இரண்டு கொள்கைகள் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன. ஒன்று படைத்தவரின் உரிமை; மற்றொன்று மக்களின் மரபுரிமை. 1988இல் இரண்டும் ஒரே திசையில் சென்றன, 1997இல் எதிரெதிராயின. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் 25 படங்களுள் ஒன்றாக ‘ஸ்டார் வார்ஸ்’ தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த ஆண்டில் சிறப்புப் பதிப்பு பிறந்திருக்கவில்லை என்பது நினைவுகொள்ளத்தக்கது.

தமிழ் மரபு இச்சிக்கலுக்குத் தந்த தீர்வு பயனுடையது. ஒரே குறளுக்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு பாடம் கொண்டிருக்குமிடத்து, ஒன்றை ஏற்று மற்றதை அழித்துவிடும் வழக்கம் நமக்கில்லை. இப்படியும் பாடம் என்று குறித்துச் செல்வதே வழக்கம். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா.வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த செம்பதிப்பும் இதழ்ப் பாடத்துக்கும் நூற்பாடத்துக்கும் இடையிலான வேறுபாடுகளைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர் திருத்தலாம், திருத்தத்துக்கு முந்திய பாடமும் வாழவேண்டும் என்பதே இதன் உட்கிடை. திரைத்துறையிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1982இல் வெளிவந்த ‘பிளேடு ரன்னர்’ படத்தின் ஐந்து வடிவங்கள் 2007இல் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தம் ‘இ.டி.’ படத்தை 2002இல் மாற்றியபோது முதற்பாடத்தையும் உடன் வெளியிட்டார். 2012ஆம் ஆண்டு ப்ளூ-ரே வட்டில் முதற்பாடத்துக்கே திரும்பினார். ஆகவே, திருத்தும் உரிமையும் காக்கும் கடமையும் ஒன்றாய் இயங்க இயலும். ‘ஸ்டார் வார்ஸ்’ இரசிகர்களின் நியாயமான முறையீடு படம் திருத்தப்பட்டது என்பதன்று. திருத்தப்படாதது மறைக்கப்பட்டது என்பதாகும்.

சிதைவை நிரப்புதல்

இரசிகர் பணியின் நியாயத்தை ஏற்றபின் அதன் குறையையும் சொல்லியாகவேண்டும். புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ.வே.சா. சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டினார். 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லை. அவ்வெண்களுக்குரிய இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. சங்கப் பாடலின் நடையை அவரைப்போல் உணர்ந்தவர் சிலரே. நிரப்ப அவரால் இயன்றிருக்கும், நிரப்பவில்லை. பதிப்பறத்தின் உச்சம் அதுவேயாகும்.

திரைப்படத்தில் இவ்வாறு வெற்றிடம் விடுவது கடினம். ஓடும் படத்தில் ஒரு சட்டகம் இல்லையெனில் பார்வை தடைப்படும். எனவே மீட்போர் நிரப்பத் தலைப்படுகின்றனர். ‘டிஸ்பெஷலைஸ்டு எடிஷனில்’ தக்க மூலம் கிடைக்காத இடங்களில் பின்னணி ஓவியங்களும் ஒளிக்கூறுகளும் புதிதாக வரைந்து சேர்க்கப்பட்டன. நோக்கம் மூலத்தை ஒத்திருத்தலே. ஆயினும் செயலின் தன்மையில் அது 1997ஆம் ஆண்டுச் செயலிலிருந்து வேறன்று. பழைய சட்டகத்தின்மேல் புதிய உருவம் ஏற்றப்படுகிறது. இரண்டையும் வேறுபடுத்துவது ஒன்றே ஒன்றுதான்: செய்ததைச் சொல்லுதல். எந்தக் காட்சிக்கு எது மூலம் என்பதை அம்முயற்சியை மேற்கொண்டவர் விளக்கக் காணொளி வழியே எடுத்துரைத்தார். சுவடி தந்தவர் பெயரையும் சுவடியின் நிலையையும் முகவுரையில் நிரல்பட எழுதிய நம் பதிப்பாசிரியர்களின் செயலோடு இதனை ஒப்பிடலாம். இப்பதிப்புரை இல்லாதிருப்பின் அது திறமையான போலி என்றே கொள்ளப்பட வேண்டியிருக்கும்.

நினைவைச் சான்றாகக் கொள்வதும் இத்துறையில் காணப்படும் மற்றோர் இடராகும். இளமையில் திரையரங்கில் கண்ட வண்ணம் இதுதான் என்று உறுதிகூறுவோர் எந்தப் படத்துக்கும் உண்டு. நினைவு விலைமதிப்பற்றது, ஆனால் அது வண்ணத்தை அளக்கும் கருவியன்று. வாய்மொழியாக வந்த பாடத்தைச் சுவடியோடு ஒப்பிட்டே ஏற்கும் பதிப்பாசிரியரைப்போல, திரைப்பாடத்தை மீட்போரும் நினைவைப் படச்சுருளோடு ஒப்பிட்டே ஏற்கவேண்டும். டெக்னிகலர் சுருள்கள் கிடைத்தபின் இரசிகர் மீட்டெடுப்புகளின் வண்ணம் உறுதிப்பட்டது என்பது இதற்குச் சான்று.

சட்டமும் ஆய்வும்

இப்பணி சட்டத்தின் ஒப்புதல் பெறாதது என்பதை மறைக்கவேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டப்படி 1977ஆம் ஆண்டுப் படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் நீடிக்கும். 2073 சனவரியில்தான் அது பொதுவுடைமையாகும். அதிகாரபூர்வமான வட்டை விலைகொடுத்து வாங்கியவரே மீட்டெடுத்த வடிவத்தைப் பார்க்கவேண்டும் என்று மீட்டோர் வேண்டிக்கொண்டனர். அது அவர்கள் அறத்தைக் காட்டுகிறது, சட்டத்தை மாற்றிவிடவில்லை. இதன் விளைவு ஆய்வாளர்க்கு இடர் தருவதாகும். மிகச் சிறந்த பாடம் மேற்கோள் காட்ட இயலாத பாடமாகவும், மேற்கோள் காட்டத்தக்க பாடம் குறையுடைய பாடமாகவும் ஆகிவிட்டன. 2025 சூனில் பிரித்தானியத் திரைப்படக் கழகம் இலண்டனில் 1977ஆம் ஆண்டுப் படச்சுருள் ஒன்றை மக்கள் முன் திரையிட்டது. இரசிகர்கள் பல்லாண்டுகளாக வலியுறுத்திய முதற்பாடத்தின் மதிப்பைக் காப்பக நிறுவனம் ஒன்று வெளிப்படையாக ஏற்றதாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து பெறப்படும் கருத்துகள் நம் சூழலுக்கும் உரியன. ‘முகலே ஆசம்’ (1960) 2004இலும், தெலுங்கு ‘மாயாபஜார்’ (1957) 2010இலும் வண்ணமேற்றி வெளியிடப்பட்டன. தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ (1931) நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியுள்ள பழைய படங்களையும் நாம் பெரும்பாலும் வீடியோ நாடா, குறுவட்டு, டிவிடி, தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆகியவற்றின் வழியே காண்கிறோம். ஒளிபரப்பு நேரத்துக்காகப் பாடலும் காட்சியும் குறைக்கப்படுவது நாம் அறிந்ததே. ஆயினும் தமிழ்த் திரைப்படம் குறித்த ஆய்வேடுகள் பலவற்றில் படத்தின் பெயரும் ஆண்டும் மட்டுமே இடம்பெறுகின்றன. எந்த வடிவத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்ற குறிப்பு காணப்படுவதில்லை. புறநானூற்றுப் பாடவேறுபாட்டுக்குப் பதிப்பு விவரம் கேட்கும் நாம், திரைப்படத்துக்கு அதைக் கேட்பதில்லை.

திரைப்பட ஆய்வில் ஈடுபடுவோர் தாம் கண்ட வடிவம், அது வெளியான ஆண்டு, ஓடும் நேரம், வண்ணத்திலும் ஒலியிலும் தென்படும் மாற்றம் ஆகிய நான்கையும் குறிப்பிடுதல் நலம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பதிப்பியல் நமக்குக் கற்பித்த கவனம் போதும். ‘ஸ்டார் வார்ஸ்’ முதற்பாடத்தை மீட்டவர்கள் பதிப்பியல் பயின்றவர்கள் அல்லர். மங்கிய 270 வரிகளிலிருந்து தொடங்கி, சான்றைத் தேடி, ஒப்பிட்டு, செய்ததைச் சொல்லி, ஒரு பாடத்தை அழியாமல் காத்தனர். பதிப்பியலில் நூறாண்டுக்கு மேற்பட்ட மரபுடைய தமிழ்த்துறைகள் நம் திரைப்பாடங்களுக்கு அதே கடமையைச் செய்ய இன்னும் தொடங்கவேண்டியுள்ளது.